கயிறு பிடித்தவள்

786
முதுநகர்,
3.8.2025

அடி மலர்க்கொடி,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம், உம்மா சொல்லிக்கொடுத்தாள். அன்பெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோபம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறாய்?

இங்கே எல்லாரும் சுகம். நீ அண்ணாமலை நகரில் பெரிய படிப்பு படிக்கப் போனவள், நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள் என்று உன் ஹாஸ்டலில் சிரித்தால், என் சிநேகிதி தொட்டால் போன் செத்துப்போகும் என்று சொல். நம்ப மாட்டார்கள். இது வரைக்கும் நான் கொன்ற போன்களுக்கு உம்மா கபர்ஸ்தானே கட்டியிருக்கலாம். "எம் பொண்ணுக்கு உடம்புல கரண்ட் ஜாஸ்தி"ன்னு தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் கரண்ட் நின்ற நெஞ்சைத் திரும்ப அடிக்க வைக்கும் என்பது நம் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு பேர் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. ஐஸ் பேக்டரிக்காரர் மகள் முகத்துவாரத்தில் விழுந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அருள்முருகன் கண்ணை மூடி நின்று, தண்ணீருக்குள் அவள் நெஞ்சு அடிப்பதைக் காதால் பிடித்து இடத்தைக் காட்டினான். ராபர்ட் குதித்து, மீன் மாதிரி மூச்சே இல்லாமல் அடியில் கிடந்து தேடித் தூக்கி வந்தான். நான் நெஞ்சில் கையை வைத்தேன், பிள்ளை இருமியது. நீ கரையில் நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தாய். வேடிக்கை பார்த்தவர்கள், "நல்ல நேரம், பசங்க சீக்கிரம் பாத்துட்டாங்க" என்றார்கள். நாமும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஓரமாகப் போய் நாலு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

அப்படி இருந்ததை அந்த அருள்முருகன் ஒரே வாயால் கெடுத்தான். "மலரு இன்னா பண்றா? கயித்தப் புடிக்கிறா. அதுக்கு ஒரு ஆளா? கம்பத்துல கட்டுனா கம்பம் புடிச்சிக்கும்." அவனுக்குக் காது இருக்கிறது, மூளை இல்லை. பத்துத் தெரு தள்ளி ஒரு கோழிக்குஞ்சின் நெஞ்சடிப்பு கேட்கும். பக்கத்தில் நிற்கிறவள் அழுவது கேட்காது. அதற்காக நீ இங்கே கிடைத்த சீட்டை விட்டுவிட்டு அங்கே ஓடுவாயா? உன் அப்பாவும் ரயில்வேயில் ரிட்டயர் ஆகிச் சேத்தியாத்தோப்புக்கே வீட்டை மாற்றிவிட்டார். இனி நீ முதுநகர் பக்கம் தலைகாட்ட ஒரு காரணமும் இல்லை.

எல்லாவற்றையும் மன்னிப்பேன். பஸ் ஏறும்போது "போறேன்" என்றாயே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். ராபர்ட் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முடிச்சைப் போட்டுவிட்டு "போயிட்டு வா" என்று சொல்கிறவள் நீ. ஒரு தடவை அவசரத்தில் நான் "போ, போ" என்றதற்கு என்னை அடிக்க வந்தவள் நீ. உனக்குத் தெரியாமலா அந்த வார்த்தை வந்தது?

பதில் போடு. போடாவிட்டால் நேரில் வந்து உன் ஹாஸ்டல் பியூஸைப் பிடுங்குவேன். கை வைத்தாலே போதும்.

கோபத்துடன்,
சாய்ரா


அண்ணாமலை நகர்,
14.8.2025

அன்புள்ள சாய்ராவுக்கு,

கவரைப் பிரித்ததும் உன் சத்தம்தான் முதலில் கேட்டது. படித்துச் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். உம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. பி.எஸ்ஸி. அக்ரி என்றால் எங்களைக் காலையிலேயே நாற்றங்காலுக்கு விரட்டுகிறார்கள். ரூமில் என்னோடு அனுப்பிரியா என்று ஒரு பெண், நெய்வேலி. உன்னைப் போலவே வாயாடி, ஆனால் போனைத் தொட்டால் போன் உயிரோடு இருக்கிறது. வாரக் கடைசியில் சேத்தியாத்தோப்புக்குப் போய்விடுகிறேன்.

அருள்முருகன் சொன்னது பொய்யாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். உண்மை, அதனால்தான் சுட்டது. உனக்கு ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. ஆறாம் வகுப்பில் நீ முதன்முதலாக டியூப்லைட்டைத் தொட்டு அணைத்தாயே, அன்றைக்கு வீட்டுக்குப் போய் எல்லா ஸ்விட்சையும் நானும் தொட்டுப் பார்த்தேன். ராபர்ட்டுக்குத் தண்ணீரில் மூச்சு வேண்டாம் என்று தெரிந்த அன்றைக்கு வாளியில் முகத்தை முக்கிப் பார்த்து, மூக்கில் தண்ணீர் ஏறி, அம்மாவிடம் அடி வாங்கினேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாடலீஸ்வரர் கோயிலில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு சின்னச் சக்தி, உதவாத சக்தியாக இருந்தாலும் போதும், உங்கள் மூன்று பேரோடு நான்காவதாக நிற்க. கொடுக்கவில்லை. கயிற்றைத்தான் கொடுத்தார்.

அருள் அப்படிச் சொன்னபோது நீயும் ராபர்ட்டும் சும்மா நின்றீர்கள். அதுவும் சுட்டது. நீ எழுதாததால் நானே எழுதிவிட்டேன்.

"போறேன்" என்றது தெரிந்துதான் சொன்னேன். சொன்ன பிறகு பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் மனசு அடித்துக்கொண்டது. ராபர்ட் எப்படி இருக்கிறான்?

உன்,
மலர்


முதுநகர்,
7.9.2025

அன்புள்ள மலருக்கு (இப்போது திருப்தியா?),

சும்மா நின்றது தப்புத்தான். ஒத்துக்கொள்கிறேன், தலையில் குட்டு. அதற்குமேல் கெஞ்ச மாட்டேன்.

இப்போது ஒரு சேதி சொல்லப்போகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. போன் சாகவில்லை! உம்மா அடுப்படியில் கை வேலையாக இருந்தாள், ஷார்ஜாவிலிருந்து வாப்பா கூப்பிட்டார். மறந்துபோய் நான் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆனால் அந்தப் பக்கம் வாப்பா, உம்மாதான் என்று நினைத்து, "ஜொஹரா, ஜொஹரா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! இத்தனை வருஷமாக உம்மா தள்ளி நின்று பிடித்துக்கொள்வாள், நான் வாசற்படியில் நின்று கத்துவேன். அன்றைக்கு என் கையிலேயே வாப்பா முகம். "எம்புள்ள இம்மாம் பெருசா ஆயிடுச்சா"ன்னு அவர் அழ, நான் அழ, உம்மா கரண்டியோடு வந்து அவளும் அழ, குழம்பு அடிப்பிடித்தது. உடம்பில் கரண்ட் குறைந்துவிட்டது என்று உம்மா நாகூருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

அப்படியானால் போனிலேயே பேசலாமே என்பாய். உம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நம் விஷயம் எதையும் வாயைத் திறக்க முடியாது. நம்பரைப் பின்னால் எழுதியிருக்கிறேன், அவசரத்துக்கு வைத்துக்கொள்.

அருள்முருகன் காது அடைத்திருக்கிறது என்று டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறான். உன்னைப் பேசிய பாவம், நன்றாக அடைக்கட்டும். கடல் அமைதியாக இருக்கிறது, யாரும் விழவில்லை, நமக்கும் வேலையில்லை. ராபர்ட் துறைமுகத்தில் அவன் அப்பாவோடு போட் இன்ஜின் வேலைக்குப் போகிறான். கீழே அவன் எழுதியிருக்கிறான், கிரீஸ் கறைக்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
போன் பேசும் சாய்ரா

மலரு, நான்தான் ராபர்ட்டு. அன்னிக்கி நான் பேசியிருக்கணும். பேசல. சாரி. கயித்த இப்ப படகுத்துறை கம்பத்துல கட்டுறதா முடிவு. கட்டிப் பாத்தேன். உன் முடிச்சு எனக்கு வரல. அப்புறம் கம்பம் "போயிட்டு வா"ன்னு சொல்ல மாட்டேங்குது. ஒரு மாதிரி இருக்கு. லீவுக்கு வா.


அண்ணாமலை நகர்,
2.10.2025

அன்புள்ள சாய்ராவுக்கும் கிரீஸ் கைக்காரனுக்கும்,

வாப்பா முகத்தைக் கையில் பிடித்ததைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. நாகூருக்குப் போனால் என் பேரையும் சொல்லி ஒரு துஆ கேள்.

இங்கே ஒரு கூத்து. அனுப்பிரியா தொட்டால் வாடின நாற்று நிமிருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் மிளகாய் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட மறந்து எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. இவள் பாவமே என்று ஒவ்வொன்றாகத் தடவினாள், தடவினது தடவினபடி நிமிர்ந்து நின்றன. அவளுக்கே பயம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்து இப்படியா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல மலரு, இங்க வந்த பொறவுதான்" என்கிறாள்.

பார்த்தாயா என் ஜாதகத்தை? ஊரை விட்டு ஓடி வந்தாலும் பக்கத்துக் கட்டிலிலேயே ஒருத்தி. சக்தி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே என்னைப் பெற்றிருக்கிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போகிறேன்.

முதுநகருக்கு வர மனசு துடிக்கிறது. தீபாவளிக்கு ஒரு நாள் வரலாம். ஆனால் அருள்முருகன் ஒரு வார்த்தை, "வா மலரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுகூட இல்லாமல் எந்த முகத்தோடு வருவேன்? ராபர்ட்டிடம் சொல், என் முடிச்சில் கடைசிச் சுற்று உள்பக்கமாக வரும். வந்து சொல்லித்தருகிறேன்.

உன்,
மலர்


முதுநகர்,
18.10.2025

மலர்,

அவனிடம் கேட்டேன். "நான் என்ன வெத்தல பாக்கு வெச்சா அழைக்கணும்? அவ ஊரு, அவ வரட்டும்" என்கிறான். அவன் கூப்பிட மாட்டான், நீ வர மாட்டாய். ரெண்டு பேரும் மகாராஜாவும் மகாராணியுமாக நல்லா இருங்கள். நடுவில் நானும் ராபர்ட்டும் பைத்தியக்காரர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு உன் அம்மா சுடும் சோமாசு எனக்கு வரவேண்டும், சண்டை வேறு, சோமாசு வேறு.

சாய்ரா


அண்ணாமலை நகர்,
16.11.2025

சாய்ரா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ராபர்ட் இல்லை என்று உம்மா போனில் சொன்னதிலிருந்து, அடக்கம் முடிந்து நான் திரும்பி வந்தது வரைக்கும், எதுவும் எனக்கு உள்ளே இறங்கவில்லை. நேற்று துணி துவைக்கும்போது என் தாவணியில் மாதா கோயில் மெழுகுவர்த்தியின் மெழுகு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டும்போதுதான் இறங்கியது.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே கயிறு புடிக்கிற பொண்ணு, நீ ஊர்ல இல்லியாமே" என்றார்கள். குற்றமாகச் சொல்லவில்லை.

நீ ஏன் என்னைத் தொடவில்லை? நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தேன், நீ ரெண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாய். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் என் கையைப் பிடிக்காமல் நடந்தவளா நீ? அருள்முருகன் பூசை நடுவில் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவன் பின்னால் போனேன், என்னைப் பார்த்ததும் பேய் கண்டது போல நகர்ந்தான். நான் அவ்வளவு பெரிய பாவியா?

கரையில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "ரெண்டு பசங்களக் காப்பாத்தப் போயி..." என்று ஊர் சொல்கிறது. ராபர்ட்டுக்குத் தண்ணீரில் எப்படி மூச்சு முட்டும்? நீ கை வைத்தால் வராத உயிரா? நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். திட்டுவதாக இருந்தாலும் எழுது.

கிளம்பும்போது உம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். "ரெண்டு மாசமா நல்லா போன் பேசிக்கினு இருந்தா, இந்த நேரம் பாத்து திரும்பவும் செத்துப்போச்சு, எம்புள்ளைக்கு என்ன நேரமோ" என்று அழுதார்கள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மலர்


முதுநகர்,
22.11.2025

அன்புள்ள மலருக்கு,

உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கையில் எண்ணெய் தெறித்துக் கொப்பளம், அதனால்தான் துப்பட்டாவில் சுற்றியிருந்தேன். அருளுக்குக் காது வலி.

நடந்தது இவ்வளவுதான். மழை விட்ட மத்தியானம், வெளியூர்ப் பையன்கள் ரெண்டு பேர் முகத்துவாரத்தில் குளிக்க இறங்கினார்கள். சுழி இழுத்துவிட்டது. ராபர்ட் குதித்து ஒருத்தனைத் தள்ளிவிட்டான். மழைத் தண்ணீரின் வேகம், அடியில் பழைய வலை கிடந்தது, சிக்கிக்கொண்டான். வெகுநேரம் கழித்துத்தான் தூக்கினார்கள். நான் வந்து சேர நேரமாகிவிட்டது. எதற்கும் ஒரு அளவு இருக்கிறது இல்லையா, மலர்? அவன் மூச்சுக்கும் என் கைக்கும் அந்த அளவு தாண்டிவிட்டது. அல்லாஹ் எழுதியது.

உன்னால் ஆகியிருக்கக்கூடியது எதுவுமில்லை. இதைத் திரும்பத் திரும்பப் படி. நீ இங்கே இருந்திருந்தாலும் இதேதான்.

கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. பரீட்சையைப் பார். அனுப்பிரியாவை விசாரித்ததாகச் சொல்.

சாய்ரா


அண்ணாமலை நகர்,
9.12.2025

சாய்ரா,

உனக்குப் பொய் சொல்ல வராது. எண்ணெய் தெறித்த கைக்காரி இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய், ஓர் எழுத்துக்கூட ஆடவில்லை. "நீ இருந்திருந்தாலும் இதேதான்" என்று நான் கேட்காததற்கு ஏன் பதில் சொன்னாய்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

தீபாவளிக்கு அனுப்பிரியா நெய்வேலிக்குப் போனாள். அம்மாவிடம் காட்டலாம் என்று வாடின ரோஜாச் செடியைத் தொட்டிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து இங்கே தொட்டாள், நிமிர்ந்தது. மண் வாகு என்று சிரித்தோம். அடக்கத்துக்கு நான் முதுநகர் வந்திருந்த நாட்களில் மறுபடியும் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மண் அதே மண், நான் மட்டும் இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு நானே பார்த்துவிட்டேன். பரங்கிப்பேட்டை பஸ் ஏறிப் போய், கடைசி ஸ்டாப்பில் இறங்கி அவளுக்குப் போன் செய்தேன். "இப்பத் தொடு" என்றேன். "ஒண்ணும் ஆகல மலரு, தொங்கிக்கினேதான் இருக்கு" என்றாள். போனை வைக்காதே என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். சிதம்பரம் ஊர் எல்லைக்குள் பஸ் நுழையும்போது போனுக்குள் கத்துகிறாள், "நிமிருதுடி, நிமிருதுடி!" பக்கத்து சீட்டு அம்மா, "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நான் ஊரை விட்டதும் உன் போன் பிழைத்தது. அருளின் காது அடைத்தது. நான் வந்ததும் போன் செத்தது, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். உன் கை சூடாகிவிட்டிருக்கும். எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே மறைத்தாய்?

எனக்கும் ஒரு சக்தி இருந்திருக்கிறது, சாய்ரா. எத்தனை வருஷம் அழுது கேட்டேன். பாடலீஸ்வரர் கொடுத்துவிட்டுத்தான் சும்மா இருந்திருக்கிறார். உங்கள் மூன்று பேரிடமும் இருந்தது என்னிடம் இருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஒரு வார்த்தைக்காகத் தீபாவளிக்கு வராமல் இருந்தேன். வந்திருந்தால் போன் செத்திருக்கும், நமக்குத் தெரிந்திருக்கும், ராபர்ட் இருந்திருப்பான்.

வார்டனிடம் கேட்டுத் தனி ரூம் வாங்கிவிட்டேன். இனி யாரோடும் ஒட்டப்போவதில்லை. ஒட்டினால் ஒரு நாள் பிரியவேண்டும், அப்போது யார் எந்தத் தண்ணீரில் இருப்பார்களோ? நீ எனக்கு எழுதாதே. நான் முதுநகருக்கு வரமாட்டேன். வந்தால் உன் கை சூடாகும். அவனுக்கு உதவாத சூட்டை நீ ஏன் சுமக்க வேண்டும்?

உம்மாவுக்கு என் வணக்கம்.

மலர்க்கொடி


முதுநகர்,
14.12.2025

அடிப் பாவி மலர்,

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேனா? உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்?

சரி, பொய் சொன்னேன். வலை எதுவும் இல்லை, நான் தாமதமாகவும் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அப்புறம் உன் இஷ்டம். அன்றைக்கு மூன்று பேருமே படகுத்துறையில்தான் இருந்தோம். சத்தம் கேட்டதும் அருள் கண்ணை மூடினான். "ஒண்ணுமே கேக்கலடா மச்சான், காது அடைச்சிருக்கு" என்றான். "உன் காது இல்லாட்டி இன்னா, எனக்குக் கண்ணு இருக்கு" என்று ராபர்ட் சிரித்தான். அவனே கயிற்றை இடுப்பில் கட்டினான், மறுமுனையைக் கம்பத்தில் கட்டினான், குதித்தான். மூச்சை இழுத்துக்கொள்ளவில்லை, மலர். யாராக இருந்தாலும் குதிக்கும் முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார்கள். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தேவைப்பட்டதே இல்லையே. நீ போன பிறகு அவன் தண்ணீரில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

ஒருத்தனைத் தூக்கிக் கொண்டுவந்து எங்களிடம் தள்ளினான். முகம் நீலமாக இருந்தது. "என்னமோ மாதிரி கீது சாய்ரா" என்றான். அவ்வளவுதான் பேசினான். இன்னொருத்தன் உள்ளே கிடக்கிறான் என்று நினைத்துத் திரும்பவும் முங்கினான். அந்த இன்னொருத்தனை அந்தக் கரையில் வலைக்காரர்கள் எப்போதோ தூக்கிவிட்டார்கள். ராபர்ட் தேடிய தண்ணீருக்குள் யாருமே இல்லை. அருளுக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கரையில் கிடந்த பையன் நெஞ்சில் கையை வைத்தேன், அவன் தானாக இருமினான், என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் கயிறு ஆடியிருக்கும். அவன் இழுத்திருப்பான். கம்பத்துக்கு என்ன தெரியும்?

ராபர்ட்டைக் கரையில் தூக்கிப் போட்டதும் என் ரெண்டு கையையும் வைத்தேன். வெறும் கை, மலர். மீன் கழுவின கை மாதிரிச் சில்லென்று இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் என்னைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

அடக்கத்தன்றைக்கு நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். கோயிலில் உட்கார்ந்திருந்தேன், என் உள்ளங்கை சுட ஆரம்பித்தது. எழுந்து ஓடிப் பெட்டிமேல் கை வைத்துவிடலாமா என்று வெறி வந்தது. உம்மா தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அருளுக்கு ஒரே நொடியில் கோயிலில் இருந்த அத்தனை பேர் நெஞ்சும் கேட்க ஆரம்பித்துவிட்டதாம். ராபர்ட்டுடையது மட்டும் கேட்கவில்லை. நீ வந்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான், தாங்காமல்தான் ஓடினான்.

உனக்குச் சக்தி இருக்கிறது என்று சொல்லும் நாளுக்கு நான் எத்தனை ஆசைப்பட்டிருப்பேன்! பாலூர்ப் பலாப்பழம் வாங்கி வைத்து, நாலு பேருமாக உட்கார்ந்து சொல்லியிருப்போம். இப்படிச் சொல்ல வேண்டிவந்தது. அதனால்தான் மறைத்தேன்.

ஆனால் பழியெல்லாம் உனக்கே வேண்டும் என்று அள்ளிக்கொண்டாயே, நீ யார் அதற்கு? பேசியவன் அருள். சும்மா நின்றவள் நான். கை ஆறிப்போனதைப் பார்த்தும், வாப்பா முகத்தைப் பார்க்கிற சந்தோஷத்தில், ஏன் என்று ஒரு நாள் யோசிக்காதவளும் நான். கம்பத்தில் கட்டியவன் ராபர்ட். பங்கு போட்டால் எல்லாருக்கும் வரும். உன் பங்கை மட்டும் வைத்துக்கொள், மற்றதைக் கொடு.

அருள் தினமும் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். "வா மலருன்னு எழுது சாய்ரா. எத்தன வாட்டி வேணும்னாலும் எழுது. வந்து எங்காதுலயே நாலு வைக்கட்டும்" என்கிறான். எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை இப்போது வந்து என்ன புண்ணியம் என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

எங்களுக்குச் சக்தி வேண்டாம், நீ வேண்டும். ரெண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய? என் கை சுடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ராபர்ட் அம்மா உன்னைக் கேட்கிறார்கள். அவன் கயிறு என்னிடம் இருக்கிறது, இன்னும் ஈரம் காயவில்லை, வெயிலே இல்லை இங்கே.

வாடி.

உன் சாய்ரா


முதுநகர்,
25.1.2026

அன்புள்ள மலருக்கு,

போன கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் உன் கைக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு வருவாய் என்று நினைத்தேன். சேத்தியாத்தோப்புக்கும் நீ போகவில்லையாம், உன் அப்பா உம்மாவிடம் போனில் சொல்லி வருத்தப்பட்டார்.

வாப்பா எனக்கென்று ஒரு போன் வாங்கி அனுப்பியிருக்கிறார். தினமும் பேசுகிறார். இத்தனை வருஷத்துக் கதையையும் சேர்த்துப் பேசுகிறார், பாவம். உனக்கு நான் போன் செய்ய மாட்டேன். நீ எடுக்காவிட்டால் என்னால் தாங்க முடியாது, கடிதம் என்றால் படித்திருப்பாய் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் போனைத்தான் கையில் எடுக்கிறேன். நீ முதுநகர் எல்லைக்குள் கால் வைத்தால் அது என் கையிலேயே செத்துவிடும். நீ தெரு திரும்புவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், வாசலுக்கு ஓடி வந்துவிடுவேன். வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். "ஒரு நாள் பேசிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு நின்னுடும் வாப்பா, பயப்படாதீங்க, அது நல்ல சேதி" என்று. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிம்மா என்றார்.

நீ அன்றைக்குச் சொன்னது "போறேன்" இல்லை. பஸ் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

உன் சாய்ரா